அனுப்பாமல் வைத்த மெயில்

அலுவலகக் கம்ப்யூட்டர்களில் வைரஸ் புழு புகுந்துவிட்டது. நெட்வொர்க் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி, எழுதி அனுப்பாமல் வைத்திருந்த மெயில்களையெல்லாம் உரியவர்களுக்கு அனுப்பித் தள்ளியது. மேனேஜருக்கு மட்டும் ஏழு ராஜினாமாக் கடிதங்கள் வந்து சேர்ந்தன.

ஸ்டோர்கீப்பர், மாடி மாடியாகப் புழுவை அழித்துக்கொண்டு வந்த இன்ஜினீயர் பெண்ணிடம் ஓடினான்.

“மேடம், முதல்ல என்னோடதைப் பாருங்களேன்.”

“வரிசையாத்தான் சார் வர முடியும். அப்படி என்ன அவசரம்?”

“ரெண்டு வருஷமா அனுப்பாம வச்சிருக்கிற மெயில் ஒண்ணு இருக்கு.”

ஒருவழியாக அவன் முறை வந்தது. அவள் கேபிளைக் கழற்றி, புழு ஒளிந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து அழித்தாள்.

“புழு போயிடுச்சு சார். உங்க மெயிலும் போயிடுச்சு. காலையிலேயே.”

“படிச்சிருப்பாங்களா?”

“மூணு தடவை படிச்சேன்.”

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “பதில்...”

“சம்மதம்னு எழுதிட்டேன். அனுப்பத்தான் கூச்சமா இருக்கு.” அவள் குனிந்து கேபிளைத் திரும்பச் செருகினாள். “அதான் என் கம்ப்யூட்டரை மட்டும் இன்னும் சுத்தம் பண்ணல.”