நைனாவின் ஹுர்ரே

"ஹுர்ரேஏஏ!"

தண்டபாணி போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மைக்கில் பேர் சொன்னதும் வேலை உத்தரவு வாங்க மேடைப் படியில் கால் வைத்த நோயல் திகைத்து நின்றான்.

வினிதா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, அந்தப் பையன் யாரு?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்துற?"

"வேலை கெடச்சிப் போறான்ல? ஜெயிச்சவனப் பாத்து இப்டித்தான் கத்தணும்னு நீதானமா சொன்ன?"

அவள்தான் சொன்னாள். காலையில் காத்திவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார்.

"ஜெயிச்சா நம்மாளு 'தூள் மாமு'ன்னுவான். இங்கிலீஷ்ல இன்னான்னு கத்துவாங்க?"

"ஹுர்ரேன்னு கத்துவாங்க. பிராவோன்னும் சொல்லுவாங்க. யூ டிட் இட்னா, நீ சாதிச்சிட்டேன்னு அர்த்தம்."

உப்புக்காற்றில் வெடித்த உதடுகளால் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே எண்ணூர்ப் புகையும் கடலும் ஒரே நிறமாகக் கலந்து நகர்ந்தன. வினிதாவுக்கு எல்லாமே தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. முதல் ஆபீஸ் வேலையும் அவளுடையதாகப் போகிறது. தன் பேரைக் கூப்பிடும்போது கத்துவதற்காகத்தான் பழகுகிறார் என்று நினைத்தாள்.

இங்கே வந்தால், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதை அள்ளி வழங்குகிறார்.

"ஜானட்!" என்றது மைக்.

"பிராவோ! பிராவோ!"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "பெருசுக்குக் காலையிலயே ஏறிக்கிச்சு போல!"

மேடையில் கம்பெனி மேடம் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொருவருடைய வேலை உத்தரவிலும் அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வினிதாவின் உத்தரவில் இன்னும் கையெழுத்து விழவில்லை.

"நைனா, உன்னைக் கும்பிடுறேன். மேடம் பாக்குறாங்க. இவ வேணாம்னு சொல்லிட்டா?"

"கத்துனதுக்கா வேலையப் புடுங்குவாங்க?"

"தெரியாது. எனக்கு பயமா கீது."

அவர் அவளையே பார்த்தார்.

அடுத்து சித்தார்த். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்று சொல்லியும் அவன் வீட்டில் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். விசில் பறந்தது. தண்டபாணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பாடா, சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று வினிதா மூச்சு விட்டாள்.

"ரூத்!"

தண்டபாணி எழுந்தே நின்றுவிட்டார்.

"யூ டிட் இட்டூ!"

இந்த முறை மேடமும் சிரித்தார். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று வினிதாவுக்குப் புரியவில்லை.

"என் பேரைக் கூப்பிடும்போது தயவுசெஞ்சு வாயத் தொறக்காத நைனா."

"சரிமா."

"வினிதா தண்டபாணி!"

எழுந்தாள். தரை காலுக்கு அடியில் இருப்பதாகவே தெரியவில்லை. மைக்கின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. எங்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசு மெதுவாக மிதந்தது.

நடக்க நடக்கத்தான் தெரிந்தது, இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்த அந்தச் சத்தத்தை அவள் காது தேடுகிறது என்று.

மேடம் கையெழுத்துப் போட்டார். "கங்கிராட்ஸ், வினிதா" என்று கைகுலுக்கினார்.

கடமைக்குச் சில கைகள் தட்டின. அவ்வளவுதான். ஹுர்ரே இல்லை. பிராவோ இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் அப்பா இல்லை.

தன் பேச்சு தாங்காமல் எழுந்து போய்விட்டாரா? கையிலிருந்த உத்தரவு சட்டென்று கனத்தது. கண் மங்க, படியில் காலைத் துழாவினாள்.

கீழே ஒரு காய்த்துப்போன கை நீண்டது.

"பாத்து எறங்கு கண்ணு. படி வழுக்குது."

பிடித்துக்கொண்டாள்.

"கோவமா நைனா? நான் சொன்னதுக்காகவா கத்தல?"

"சே. நீ சொல்லாட்டியும் கத்தியிருக்க மாட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஊர்ல கீற எல்லாருக்கும் கத்துன. பெத்த பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு கூட இல்லியா?"

"எல்லாருக்கும் எங்கமா கத்துனேன்? அந்த நோயலு பக்கத்துல பாரு. ஜானட்டு, ரூத்து, அதுங்க பக்கத்துலயும் பாரு."

பார்த்தாள். மூன்று பேருக்கும் பக்கத்து நாற்காலி காலி.

"வூட்டாளுங்க யாரும் வரல. ஷிப்ட்டு கீதோ, லீவு குடுக்கலியோ, ஆளே இல்லியோ... யாருக்குத் தெரியும்? நம்ம குப்பத்துல, கடலுக்குப் போன போட்டு திரும்புறப்போ வூட்டாளு கரையில நின்னா சத்தம் போட மாட்டான். எறங்கி வந்து கயித்தப் புடிச்சிக்குவான். வூட்டாளு வராத போட்டுக்குத்தான் கரையில கீறவன் எல்லாம் சேந்து கூவுவான். வர்றவனுக்கு மனசு வெறிச்சோன்னு ஆயிடக் கூடாதுல்ல?"

வினிதா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"உனக்கு இன்னாத்துக்குமா கத்தணும்?" என்றார் தண்டபாணி. "நான்தான் வந்துகீறேனே!"