தொட்டியடியில் சொன்னது

சாயப்பட்டறை அலுவலகத்தில் சகாயமேரிக்கு டைப்பிங் வேலை. நாக்பூரில் வளர்ந்தவள் என்பதால், பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு மேலாளர் சொல்வதை இந்தியில் சொல்வதும் அவள் பொறுப்பாகிவிட்டது. அன்று கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். இடுப்பில் கயிறு கட்டிய மூன்று பேர் அவள் வாயையே பார்த்து நின்றார்கள்.

"வாயு ஒண்ணும் இல்லை, சோதிச்சாச்சு, தைரியமா இறங்கலாம்னு சொல்லும்மா," என்றார் மேலாளர் தணிகாசலம்.

"யாருங்க சார் சோதிச்சாங்க?"

"அந்த ஆள் நாளைக்குத்தான் வருவான். அதுவரைக்கும் பட்டறையை மூடவா முடியும்? நான் சொன்னதை நீ சொல்லு."

மூன்று வருடமாக அவர் சொன்னதைத்தான் சொல்லிவந்தாள். அவர்கள் நம்பியது அவளை. நிதானமாக இந்தியில் சொன்னாள். மூவரில் மூத்தவரான ராம்பிரவேஷ் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தரையில் வைத்தார். மற்ற இருவரும் அவிழ்த்தார்கள்.

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

ஒரு வார்த்தையும் விடாமல் அவருக்குத் தமிழில் சொன்னாள்.

"சோதிச்சாச்சுன்னு சார் சொல்லச் சொல்றாரு. யாரும் சோதிக்கலை. என் அண்ணனா இருந்தா இறங்க விடமாட்டேன்."