முதல் பத்தி

முதல் வரியிலேயே அப்பா குடித்துவிட்டு வந்தார்.

அவள் அதை மைக்கில் ஆங்கிலத்தில் வாசித்தாள். செமினார் ஹாலில் பேச்சு அடங்கியது.

முன்வரிசையில் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். ஃபாதர் என்ற சொல் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

தேய்த்த சட்டை. மடிப்புக் கலையாத வேட்டி. பக்கத்து நாற்காலியில் கல்லூரி முதல்வர்.

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால், காலையில் பிள்ளைகளை ஏற்றணும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அவள் அடுத்த வரியை வாசித்தாள்.

அதில் அவர் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு மாதம் படிக்க ஒரே ஓர் இடம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். வரலாறு, தமிழ், பொருளாதாரம் என்று எம்.ஏ. படிக்கிற முப்பத்தோரு பேரை உட்காரவைத்து, நகரத்திலிருந்து வந்த கிளாடிஸ் மேடம் இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தார்.

நல்ல ஆங்கிலம்தான். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அவள் முதலில் எழுதியது மதகுக் கற்களைப் பற்றி. ஏரி மதகுகளில் யாரோ எப்போதோ வெட்டிவைத்த எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு வேனில் போவாள். தேய்ந்த எழுத்துகளின் குழிகளில் அவர் மைதா மாவைத் தடவுவார். எழுத்து வெள்ளையாகத் தெரியும். அவள் வாசிக்க வாசிக்க, யாருடி இந்த ராஜா என்று கேட்பார்.

மேடம் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார்.

"கல்லுக்கெல்லாம் யாரும் அழ மாட்டாங்கம்மா. முதல் பத்தியில ஒரு கஷ்டம் வேணும்."

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தாளைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கித் திருத்த வேண்டும். கஷ்டம் போதவில்லை என்றால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பதுபோல ஒருவர் வீட்டை ஒருவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

அவளுக்கு மூன்று முறை கோடு விழுந்தது.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் இருபத்துநாலு அப்பாக்கள் குடிகாரர்கள் ஆகியிருந்தார்கள்.

வகுப்பில் நிஜமாகவே குடிக்கிற அப்பா தேன்மலருக்கு மட்டும் உண்டு. அவளோ ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதினாள். கடைசிவரை மாற்றவே இல்லை.

தேன்மலருக்கு இடம் கிடைக்கவில்லை.

கட்டுரையின் அடியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதெல்லாம் உண்மை என்று. பொய்யென்று தெரிந்தால் இடம் பறிபோகும்.

இவள் போட்டாள்.

இப்போது பாராட்டு விழா. தேர்வான பிள்ளை, தன்னைப் பெற்றவர்கள் முன்னிலையில் கட்டுரையை வாசிக்க வேண்டுமாம். யார் கண்டுபிடித்த சடங்கோ.

தட்டு எறிந்தாயிற்று. அம்மாவின் வளையல் உடைந்தாயிற்று. ஒவ்வொரு வாக்கியமும் அத்தனை லட்சணம். ஒரு காற்புள்ளி இடம் மாறவில்லை.

ஊசிப்போன சாம்பாரை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. துப்ப இடமில்லை. விழுங்கி விழுங்கி வாசித்தாள்.

சீ என்று வந்தது. கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மேடத்தைப் பார்த்து. கைதட்டத் தயாராக இருந்த அத்தனை கைகளையும் பார்த்து. எல்லாவற்றையும்விட, சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாகத் தழுதழுக்கிற தன் குரலைக் கேட்டு.

முடித்தாள்.

ஹால் அதிர்ந்தது. எல்லோரையும்விடப் பலமாக அப்பாதான் தட்டினார்.

அவள் மேடையிலிருந்து இறங்கி அவர் அருகில் வரும்போது, முதல்வர் அவர் தோளில் கை வைத்திருந்தார். பெரிய மனசோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னார்.

"உங்க பொண்ணு மறைக்காம எல்லாத்தையும் எழுதியிருக்கு. இனிமேலாவது குடிக்கிறத விட்டுடுங்க."

அப்பாவின் கைகள் நின்றுவிட்டன.

முதல்வரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

இந்தப் பேச்சு ஊருக்குள் போனால் வேன் சாவி அவர் கையில் தங்காது. எந்தத் தாய் பிள்ளையை ஏற்றி அனுப்புவாள்?

இல்லீங்க சார் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளுடைய இடம் போய்விடும்.

சொல்லட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஒரு நொடிதான். அடுத்த நொடி, சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பா எழுந்து நின்றார்.

"சரிங்க சார்," என்றார். "விட்டுடறேன்."

போட்டோக்காரர் கூப்பிட்டார். நடுவில் அப்பாவை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் முதல்வர். இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார் போட்டோக்காரர்.

முதல்வர் நெருங்கி வந்தார்.

அப்பா முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, முதல்வர் மேல் மூச்சுப் படாதபடி வாயைப் பொத்திக்கொண்டார்.