ஆல்ப்ஸ் தழும்பு

லியனார்ட் சட்டைப் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினான். தோளின் குறுக்கே ஒரு தழும்பு, கறுத்துத் தடித்துக் கிடந்தது. பூண்டுலோயா பஜாரில் அன்ஸார் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள்.

"ஆல்ப்ஸ் மலையில கயிறு அறுத்ததுங்க. கீழ பாத்தா பாதாளம். கூட வந்த தொரை வழுக்கி விழுந்துட்டாரு. அவரு பாரம் முழுக்க இந்த ஒத்தத் தோளுலதான்."

"யா அல்லாஹ்!" என்று அன்ஸார் நானா கொதிக்கிற தண்ணீரைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார்.

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து விலகிய தொரை ஒருவர் என்னையும் கப்பலில் கூட்டிப்போனார், சுவிஸ் நாட்டில் பாறை பாறையாக ஏறினேன் என்று லியனார்ட் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். கார்த்திகையில் போனவன் சித்திரைக்குத் திரும்பிவிட்டான். கதை பெரிய தொரையின் பங்களா வரை போனது. அவருக்கு மலையேற்றம் என்றால் உயிர். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை லியனார்டுக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்த வேலையை நம்பி இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன் சோலைமலை. அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் சொத்து என்று சொல்ல அவனுடைய மீசை ஒன்றுதான் இருந்தது. அதை முறுக்கிக்கொண்டே கடைக் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

"டே லியனார்ட், நீ கொழும்பையே தாண்டியிருக்க மாட்ட. சுவிஸ் மலைய விடு. நம்ம சிவனொளிபாதமலை ஏறிக் காட்டு பாப்போம். பாதி வழியில குந்திட்டேன்னா, நீயே தொரைகிட்டப் போயி வேலை வேணாம்னு சொல்லிடணும்."

"ஏறிட்டா?"

"இந்த மீசைய எடுத்துடுறேன்!"

லியனார்டின் முகம் ஒரு நொடி வெளுத்ததைச் சோலைமலை கவனித்தான். உள்ளுக்குள் குளிர்ந்தது.

"சரி... ஆனா இரத்தினபுரிப் பக்கமா ஏறுவோம். அதுதான் கஷ்டமான வழி," என்றான் லியனார்ட்.

"ஊரச் சுத்தி நழுவப் பாக்குறியா? நல்லதண்ணி வழியாத்தான்!"

மத்தியஸ்தத்துக்கு அன்ஸார் நானா கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினார். பையில் ரொட்டியோடு ஒரு சவரக்கத்தியும் இருந்தது. "எதுக்கும் கெடக்கட்டும்," என்றார்.

விடிந்ததும் மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏற ஆரம்பித்தார்கள். லியனார்ட் கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவினான். பாதி தூரம் போவதற்குள் சோலைமலைக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வழியில் யாத்திரை சீசனுக்குப் போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை வந்ததும், அவன் கடவுளையே கண்டதுபோல நின்றான்.

"நில்லுடா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"மலையேறுறவன் நடுவுல தண்ணியே குடிக்கக் கூடாது. ஆல்ப்ஸ் பழக்கம்," என்றான் லியனார்ட். தலையைக் குனித்துக்கொண்டு கடையைத் தாண்டி ஓடியே போனான்.

உச்சியில் போய்ப் பார்த்தால், லியனார்ட் வேர்வைகூட இல்லாமல் மணிக்குப் பக்கத்தில் நின்றான். எத்தனை தரம் மலையேறினார்களோ அத்தனை தரம் மணியடிப்பது அங்கே வழக்கம். கயிற்றைப் பிடித்து வெகுநேரம் யோசித்தான். பிறகு ஒரே ஒரு தரம் அடித்தான்.

சோலைமலை தவழ்ந்துதான் வந்து சேர்ந்தான். பொறாமையெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தது. இப்படி ஏறுகிறவன் பொய்யனாக இருக்கவே முடியாது என்று மனதாரத் தோன்றியது. அவன் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிக்க லியனார்ட். தப்பா நெனச்சிட்டேன். அந்த வேலை ஒனக்குத்தான் தகும்."

உச்சிக்குக் கீழே மடத்தில் அன்ஸார் நானா வேலையை முடித்தார். சவர்க்காரம் இல்லை, கத்தியும் மொட்டை. மீசை போன இடத்தில் குளிர் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது. லியனார்ட் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "மழை வரும், சீக்கிரம் எறங்குவோம்," என்று அவசரப்படுத்தினான்.

இறங்கும்போது அதே தேத்தண்ணிக் கடை. லியனார்ட் முகத்தை மூடிக்கொண்டு மறுபடியும் நழுவப் பார்த்தான். சோலைமலை விடுவானா? தோற்றாலும் ஆல்ப்ஸ் வீரனிடம் அல்லவா தோற்றிருக்கிறான்! அவன் கையைப் பிடித்துக் கடைக்குள்ளேயே இழுத்துப்போனான்.

"வேணாம் சோலைமலை, விடு..."

"அட வாய்யா! இப்புடி அடக்கமா இருக்கக் கூடாது. நாலு பேருக்குத் தெரியணும்!"

கடைக்காரர் அழகன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சோலைமலை அவர் முன்னால் லியனார்டை நிறுத்தி, முகத்தைச் சுற்றியிருந்த துணியைப் பெருமையோடு உருவினான்.

"அண்ணே, இவரு யாருன்னு தெரியுங்களா?"

அழகன் நிமிர்ந்தார். ஊதுகுழல் கையிலிருந்து விழுந்தது.

"அடப்பாவி லியனார்ட், என் கடைக்குத் தண்ணி சொமக்க வந்துட்டு, டின்னு கட்டுன கயிறு தோள அறுக்குதுன்னு, சீசன் முடியிறதுக்குள்ள ஓடிட்டியேடா!"