ஷட்டர் விரல்

மூன்று நாளாக நாச்சியம்மை கடலடியில் அந்த இறாலைப் படம்பிடிக்கத் துரத்திக்கொண்டிருந்தாள். புளியங்கொட்டை அளவுகூட இல்லை, கண்ணாடி உடம்பு, கேமராவைக் கண்டாலே பாறை இடுக்கில் ஒளிந்துவிடும். கடைசி டைவுக்குக் குதிக்கும் முன், "துரத்தாதீங்க மேடம். கேமராவப் பாறைகிட்ட வெச்சு அசையாம இருங்க, அதுவா வரும்" என்றார் வழிகாட்டி ரிச்சர்ட். அசையாமல் இருந்தாள். வந்தது! ஆனால் லென்ஸுக்கு முன்னால் நிற்காமல், கேமரா மேல் ஏறி, ஷட்டரில் காத்திருந்த அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் போய் நின்றது. மீன்களின் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற இறால் அது. இப்போது அவளுடைய நக இடுக்கைக் கிள்ளிக் கிள்ளிச் சுத்தம் செய்தது. அய்யோ, என்ன கூச்சம்! சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும். விரலை அழுத்தினால் இறால் ஓடிவிடும். அழுத்தினாலும் லென்ஸ் பார்ப்பது எதிர்ப்பக்கம். காற்று தீர்கிறது, மேலே போகலாம் என்று ரிச்சர்ட் இரண்டு முறை சைகை காட்டினார். மூன்றாவது முறை தூக்கிய கை அப்படியே நிற்க, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாச்சா?" என்றார்கள் படகில் இருந்தவர்கள்.

"இல்லையே!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

மதியம் மீன்குழம்புச் சோற்றை இடது கையால் பிசைந்து சாப்பிட்டாள்.