நாற்பது தலை

"மூணுதான கேட்டேன், முப்பதா கேட்டுட்டேன்?"

"போன வருசம் ரெண்டு வாங்கினு போனீங்களே, அதுல ஒண்ணு இன்னும் திரும்பி வரல!"

"அதுக்கு நான் இன்னா பண்றது சார்? எங்க பக்கம்தான் காத்து நல்லா வருதுன்னு அதுவே குந்திக்கினு இருக்குது!"

"காத்து வருதாம் காத்து! காதைப் புடிச்சி இழுத்தாந்து உடறதில்ல?"

பள்ளிக்கூடத்து வராந்தாவில் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தமிழ் டீச்சர் ஞானசௌந்தரியும் தெலுங்கு வாத்தியார் கிருஷ்ணப்பாவும். டீச்சர் இரவல் கேட்டது மேஜை நாற்காலியை அல்ல. பிள்ளைகளை.

ஆந்திரா பிரிந்து ஐந்து வருஷமாகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. அதற்குள் மேலிருந்து ஓர் உத்தரவு மட்டும் வந்துவிட்டது. வருஷா வருஷம் நாற்பது தலை காட்டாத ஹைஸ்கூலில் தமிழ்ப் பிரிவுக்கு கிராண்ட் கிடையாது, ஏப்ரலோடு மூடிவிட வேண்டியது.

நகரிக்குப் பக்கத்திலிருந்த இந்தப் பள்ளியில் இருந்ததோ முப்பத்தேழு. மூடினால் டீச்சருக்கு வேலை போகும். அந்த முப்பத்தேழில் பாதி தறியில் போய் உட்காரும், மீதி தெலுங்கில் அல்ஜிப்ரா போடத் தெரியாமல் முழிக்கும்.

"உங்ககிட்ட நூத்திப்பத்து பேர் இருக்குறாங்க சார். மூணு கொறஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"அதுங்களுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதேம்மா!"

"எழுத்துதான தெரியாது? வாயத் தொறந்தா தமிழ்தான. உங்க கிளாஸ் சிட்டிபாபு ஊட்ல என்னிக்காவது தெலுங்கு பேசியிருக்கானா, கேளுங்க."

கிருஷ்ணப்பாவின் வீட்டு அம்மாவே அவரை ஏசும்போது நகரித் தமிழில்தான் ஏசுவாள்.

"சரி, தீஸ்கோண்டி, கூட்டிக்கினு போங்க. ஆனா சாயந்திரம் பெல் அடிக்கறதுக்குள்ள திரும்பி வரணும். மூணும்!"

பத்தரை மணி பஸ்ஸில் இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் வந்து இறங்கினார். எல்லையோரத்துத் தமிழ்ப் பிரிவுகளைப் பார்ப்பதற்கென்றே இந்த வருஷம் புதிதாகப் போட்டிருந்த இன்ஸ்பெக்டர். சிரித்துப் பழக்கமில்லாத முகம், அக்குளில் ஒரு தடித்த நோட்டு.

ஞானசௌந்தரி தமிழ்ப் பிரிவு முழுவதையும், இரவல் மூன்றையும் சேர்த்து, ஒரே அறையில் உட்கார வைத்திருந்தாள். வருஷ அறிக்கையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். "பரீட்சையில் எண்பது சதவீதம் தேர்ச்சி. வாரம் இரண்டு நாள் நெசவு வகுப்பு. பள்ளித் தோட்டத்தில் கத்தரிக்காய். ஆண்டு விழாவில் பெண்பிள்ளைகள் கோலாட்டம்..."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. தலை எத்தனை?"

"நாப்பதுங்க சார்."

அவரே விரலை நீட்டி எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். நாற்பதுதான். நோட்டைத் திறந்து எழுதி, மேலிருந்து கீழ்வரை உதடு அசைய ஏதோ கூட்டிப் பார்த்தார்.

யாராவது ஒருவரை எழுதச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அவர் கண் போயும் போயும் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று.

"தம்பி, நீ வா. உன் பேரை போர்டுல எழுது."

சிட்டிபாபு கம்பீரமாக நடந்து வந்தான். சாக்பீஸை வாங்கினான். குண்டு குண்டாக, அழகாக எழுதினான். தெலுங்கில்.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். டஸ்டரைக்கூடத் தேடாமல், தோளில் கிடந்த துண்டாலேயே போர்டைப் பரபரவென்று துடைத்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு. போய் உட்காரு."

துண்டு பாழானதுகூடத் தெரியாத அளவுக்கு மனிதருக்குக் கோபம் என்று ஞானசௌந்தரி நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுக்கிறவள் அவள்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"நான் ஒண்ணும் கேட்கலியேம்மா."

"மனசு கேக்கல சார். இதுல மூணு பேரு..."

"வெயில் ஏறிக்கிட்டே போகுது. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன். மைக்கூடு எங்கே?"

"மூணு பேரு எங்க பசங்க இல்ல சார்! தெலுங்கு கிளாஸ்லேர்ந்து கூட்டியாந்தது. நெஜம் முப்பத்தேழுதான். அப்படியே எழுதிக்குங்க. வேலை போனா போவட்டும்!"

"அம்மா, கொஞ்சம் மெதுவா..."

"இன்னா சார் மெதுவா? கர்த்தருக்குத் தெரியாததா? டேய், எழுந்திருங்கடா மூணு பேரும்! ஓடுங்க உங்க கிளாசுக்கு!"

மூன்றும் விட்டால் போதும் என்று பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடின. ஜன்னலில் கிருஷ்ணப்பாவின் தலையும் காணாமல் போயிற்று. ஞானசௌந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஓடிப்போன பிள்ளைகள் கிளப்பிய புழுதியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காலியான பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மொத்தம் ஆயிரம் தலை இல்லேன்னா தமிழ் இன்ஸ்பெக்டரே வேணாம்னு எனக்கும் ஆர்டர் வந்திருக்கும்மா, உங்க நாப்பதைச் சேர்த்துத்தான் இப்ப சரியா ஆயிரம் ஆச்சு!"