கடைசி இலை

விக்கிரமசிங்கபுரம் தேவாலயத்து அசன விருந்துப் பந்தலில், கீற்று இடுக்கு வழியே வெயில் இலைகள்மேல் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. ஜெமிமா டீச்சரின் பக்கத்தில் அமாக்கா கறிச்சோற்றைப் பிசைகிறாள். நைஜீரியாவில் டீச்சரிடம் படித்தவள். சிறைக் கொடுமைகளை எழுதிவிட்டு ராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்தவள். அவளை நாடுகடத்தப் பிடித்துப்போக வந்த போலீஸார் இருவர் பந்தல் காலருகே நிற்கிறார்கள். தடையுத்தரவோடு வரும் வக்கீலை இன்னும் காணோம். “பந்தியில உக்காந்தவள எழுப்பக் கூடாது வே. கடைசி இலை மடியுத மட்டும் பைய நில்லும்,” என்கிறார் அவர்களிடம், சோற்று வாளியோடு பரிமாறும் கிருபைராஜ். அமாக்காவின் இலை காலியாகிறது. “அண்ணாச்சி, இவளுக்கு இன்னும் சோறு!” டீச்சர் பந்தல் முழுக்கக் கேட்கச் சொல்கிறார். எதிர்வரிசையில் ஏப்பம் விட்டபடி இலையை மடிக்கப்போன மில் தொழிலாளி, அதை மெல்ல விரித்து வைக்கிறார். “எனக்கும் போடும் வே.” “இங்கனயும்!” “இங்கனயும்!” வாளியில் கரண்டி மோதும் சத்தம் வரிசை நெடுக நகர்கிறது.